முகப்பில் எழுதப்படாத பெயர்

பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். ஒவ்வொரு கோடையிலும் ஒரே ஓர் எழுத்தாளர். கத்திரி வெயில் தொடங்கும்போது அவருடைய நூல் ஒன்றைக் கையில் எடுப்பேன். ஆடி பிறப்பதற்குள் கிடைத்தவற்றையெல்லாம் படித்து முடித்துவிடுவேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவனுக்கு இலக்கியம் படிக்கக் கோடை விடுமுறைதான் வாய்த்தது. ஓய்வுக்குப் பின்னும் அந்தப் பழக்கம் கோடையை விட்டு நகரவில்லை.

சென்ற கோடையில் நான் படித்தது கொலெத் என்னும் பிரெஞ்சுப் பெண் எழுத்தாளரை. காதல் நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர், 1954-இல் மறைந்தவர். ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே அவரை அணுக முடிந்தது. ஒரு பொருளியல் ஆசிரியனுக்குக் காதல் நாவலாசிரியரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். காரணம் ஒரு பொருளியல் அறிஞர்தான். மாணவப் பருவத்தில் பெர்த்ரான் தெ ஜுவெனெல் என்பவரின் நூல்களைப் படித்திருக்கிறேன். வருவாயை மறுபங்கீடு செய்வதன் அறம் குறித்து அவர் எழுப்பிய கேள்விகள் இன்றும் வகுப்பறைகளில் விவாதிக்கத் தக்கவை. அவருடைய மாற்றாந்தாய் ஒரு நாவலாசிரியர் என்ற செய்தி எங்கோ கண்ணில் பட்டு, நாற்பது ஆண்டுகளாக மனத்தின் ஓரத்தில் கிடந்தது. அந்த மாற்றாந்தாய்தான் கொலெத்.

அவருடைய முழுப்பெயர் சிதோனி-கப்ரியேல் கொலெத். 1873 ஜனவரி 28 அன்று, பர்கண்டி மாநிலத்தின் சேன்-சோவர் என்னும் சிற்றூரில் பிறந்தார். திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற மாநிலம். ஆனால் அவர் பிறந்த பகுதியோ காடுகளும் குளங்களும் நிறைந்தது. தந்தை படைத் தலைவர். 1859-ஆம் ஆண்டின் இத்தாலியப் போரில் ஒரு காலை இழந்து, பின்னர் அந்த ஊரின் வரி வசூல் அலுவலராக வந்தவர். தாய் சிதோனி. வீட்டார் சிதோ என்று அழைத்தனர். செடிகளையும் பறவைகளையும் காற்றின் திசையையும் கவனிக்கத் தெரிந்த அந்தப் பெண்மணிதான் கொலெத்தின் முதல் ஆசிரியர்.

வீடு நிறையப் புத்தகங்கள் இருந்தன. ஏழு வயது நிறைவதற்கு முன்பே கொலெத் பால்சாக்கைப் படிக்கத் தொடங்கிவிட்டார். சிதோவுக்கு ஒரு குறை இருந்தது: நாவல்களில் காதல் மிகுந்துவிட்டது, வாழ்க்கையில் மனிதர்களுக்கு வேறு வேலைகளும் உண்டல்லவா என்பார். அவருடைய மகளே ஐம்பது ஆண்டுகள் காதலை எழுதி வாழ்ந்தது விந்தைதான். தந்தை படிக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த எமிலி ஸோலாவின் நாவலை மகள் திருட்டுத்தனமாக எடுத்துச் சென்று தோட்டத்தில் அமர்ந்து படித்தார். அதில் வரும் பிரசவக் காட்சியைத் தாங்க முடியாமல் மயங்கி விழுந்ததைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

புத்தகங்களைப் போலவே திராட்சை மதுவும் அந்த வீட்டின் கல்வியில் ஒரு பாடமாக இருந்தது. மூன்று வயதில் தந்தை ஒரு சிறு கோப்பையில் தென்னாட்டு மஸ்கட் ஒயினை மகளுக்குச் சுவைக்கத் தந்தார். பதினொரு வயது முதல் சிதோ அப்பயிற்சியை முறைப்படுத்தினார். 1870-ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யப் படையினரின் கையில் சிக்காமல் தப்பிய லஃபீத், ஷாம்பெர்தேன், கொர்தோன் முதலிய பழம்பெரும் ஒயின்கள் வீட்டின் நிலவறையில் உலர்ந்த மணலுக்குள் கிடந்தன. பள்ளியிலிருந்து திரும்பும் மகளின் முகம் வெளுத்திருப்பதாக அஞ்சிய தாய், அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். சிறு குவளை அளவு, உணவோடு, நிதானமாக, மிடறுக்கு மிடறு இடைவெளி விட்டு அருந்தும் பயிற்சி அது. எஞ்சியதை மீண்டும் அடைத்து வைத்துவிட்டு, மகளின் கன்னங்களில் ஏறும் சிவப்பைத் தாய் பார்த்து மகிழ்வார்.

நான் மது அருந்துபவன் அல்லன். குழந்தைக்கு மது தருவதை இன்றைய மருத்துவ அறிவு எந்த நாட்டிலும் ஏற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அந்தப் பயிற்சியிலிருந்து கொலெத் பெற்றது போதை அன்று, ஒரு கொள்கை. 1932-இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் ஒயின் பற்றி எழுதும்போது, மண்ணின் உண்மையான சுவையை மனிதருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் ஒரே தாவரம் திராட்சைக் கொடிதான் என்னும் கருத்தை முன்வைத்தார். சுண்ணாம்பு நிலமோ, கரிசலோ, சரளை மண்ணோ, எங்கிருந்து வந்தோம் என்பதை மறைக்காமல் சொல்வதே நல்ல ஒயினின் இலக்கணம் என்பது அவருடைய நம்பிக்கை. ஒயினின் பிறப்பிடத்தை இவ்வளவு மதித்த இவருடைய நூல்களே பல ஆண்டுகள் பொய்யான முகவரியோடு விற்பனையாயின என்பதை அறிந்தபோதுதான், இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

குடும்பம் கடனில் மூழ்கியது. தாயின் முதல் கணவர் விட்டுச் சென்ற நிலங்கள் தந்தையின் திறமையற்ற நிர்வாகத்தில் கரைந்தன. வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. 1891-இல் அவர்கள் சேன்-சோவரை விட்டு வெளியேறி, மருத்துவரான மூத்த மகனின் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, வரதட்சிணை தர இயலாத இருபது வயது கொலெத்தை, பாரிஸ் நகரின் புகழ் பெற்ற இசை விமர்சகர் ஆன்ரி கோத்தியே-வில்லார் மணந்தார். அவருடைய புனைபெயர் வில்லி. கொலெத்தை விடப் பதினான்கு வயது மூத்தவர்.

வில்லி தாமே எழுதியதைக் காட்டிலும் பிறரை எழுத வைத்து வெளியிட்டதே அதிகம். வறுமையில் இருந்த இளம் எழுத்தாளர்கள் பலர் அவருக்காக எழுதினர். நூல்களின் முகப்பில் வில்லி என்னும் ஒரே பெயர் இருக்கும். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு தொழிற்சாலை; வில்லி அதன் வணிகச் சின்னம். மனைவியையும் அவர் அந்தத் தொழிற்சாலையில் சேர்த்தார். பள்ளி நினைவுகளை எழுதுமாறு கூறினார். எழுதி முடித்த ஏடுகளைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மேசையைத் துப்புரவு செய்தபோது மீண்டும் எடுத்துப் பார்த்து, தாம் செய்த தவற்றை உணர்ந்தார். 1900-இல் பள்ளி மாணவி க்ளோதினின் கதை வெளிவந்தது. முகப்பில் வில்லியின் பெயர்.

நூல் பெருவெற்றி பெற்றது. 1903-க்குள் மேலும் மூன்று க்ளோதின் நாவல்கள் வந்தன. க்ளோதின் பெயரால் கழுத்துப்பட்டை, நறுமணத் திரவியம், சோப்பு என எல்லாம் விற்பனையாயின. வில்லி தம்மை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, எழுதிய பக்கங்களைக் காட்டினால்தான் கதவைத் திறப்பார் என்று கொலெத் பின்னாளில் எழுதினார். நாடே கொண்டாடிய ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கியவருக்கு அதன் மீது எந்த உரிமையும் இல்லை.

இவ்விடத்தில் 1907-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவ்வாண்டில் தெற்குப் பிரான்சின் திராட்சை விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். தண்ணீரும் சர்க்கரையும் கலந்து செய்த போலி ஒயின் சந்தையில் பெருகி, உண்மையான ஒயினின் விலை அடிமட்டத்துக்குச் சரிந்திருந்தது. மிகையான உற்பத்தியும் ஒரு காரணம் என்று பொருளியலாளர்கள் கூறுவார்கள். விவசாயிகளின் கோபமோ கலப்படத்தின் மீதே இருந்தது. ஜூன் மாதம் மோன்பெல்லியே நகரில் பல லட்சம் பேர் திரண்டனர். நர்போன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. ஜூன் 29 அன்று ஒயினில் தண்ணீர் கலப்பதையும் சர்க்கரை முறைகேட்டையும் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 13 அன்று மற்றொரு சட்டம் வந்தது. மணமான பெண் தன் உழைப்பால் ஈட்டிய வருவாயைக் கணவனின் அனுமதியின்றித் தானே நிர்வகிக்கலாம் என்றது அது. அதுவரை அந்த உரிமை பிரெஞ்சுப் பெண்களுக்கு இல்லை.

அதே 1907-இல்தான், கடன் நெருக்கடியில் இருந்த வில்லி, க்ளோதின் நாவல்களின் உரிமைகளைப் பதிப்பகங்களுக்கு விற்றார். அதற்கு முந்தைய ஆண்டே கொலெத் அவரைப் பிரிந்திருந்தார். விற்பனை பற்றி அவருக்குத் தகவல்கூட இல்லை. பின்னரே அறிந்து துடித்தார். புதிய சட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. முகப்பு சொன்னபடி அந்த நாவல்கள் அவருடைய உழைப்பே அல்லவே. போலி ஒயினுக்கு எதிராகச் சட்டம் இயற்றிய ஒரு நாட்டில், போலி முகப்புக்கு எதிராகக் கேட்க ஆளில்லை. கையெழுத்துப் படிகளை அழித்துவிடுமாறு வில்லி தம் செயலரிடம் பணித்ததாகவும், அவர் சிலவற்றைக் காப்பாற்றிக் கொலெத்திடம் சேர்த்ததாகவும் வரலாறு கூறுகிறது. உழைப்பின் சான்று அந்த அளவுக்காவது மிஞ்சியது.

கையில் பணமின்றி நின்ற கொலெத் மேடை ஏறினார். ஊமைக்கூத்து நடிகையாக ஆறு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். ரயில் பெட்டிகளிலும் மலிவான விடுதி அறைகளிலும் எழுதிய அனுபவமே 1910-இல் நாடோடிப் பெண்ணின் கதையாக வெளிவந்தது. தன் சம்பளத்தில் வாழும் ஒரு பெண், காதலையும் வசதியையும் ஒருசேர அளிக்க முன்வருபவனை மறுத்துவிடும் கதை அது. அவருடைய காதல் நாவல்கள் எல்லாவற்றிலும் பணத்தின் கணக்கு உண்டு. யார் வீட்டில் யார் வாழ்கிறார், யாருடைய வருவாயில் உணவு வருகிறது என்பதைச் சொல்லாமல் அவர் காதலைச் சொல்வதில்லை. 1920-இல் வந்த ஷெரி நாவலும், 1944-இல் நூலாகிய ஜிஜி கதையும் அப்படிப்பட்டவையே. பொருளியல் ஆசிரியனை அவை ஈர்த்ததில் வியப்பில்லை.

பெயரை மீட்பதற்கு அவருக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1904 முதல் கொலெத் வில்லி என்று கையெழுத்திட்டார். 1923-இல் வெளிவந்த நாவலில்தான் முதன்முறையாகக் கொலெத் என்னும் ஒற்றைப் பெயர் முகப்பில் தனித்து நின்றது. அது அவருடைய தந்தையின் குடும்பப் பெயர் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அந்தத் தந்தைக்கும் எழுத்தாளராகும் ஆசை இருந்தது. அழகாகக் கட்டமைத்த ஒரு டஜன் தொகுதிகள் அவருடைய அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. போர் நினைவுகள், பாடல்கள் என்றெல்லாம் தலைப்புகள் எழுதப்பட்டிருந்தன. 1905-இல் அவர் இறந்த பிறகு பிரித்துப் பார்த்தால் அத்தனையும் வெற்றுத் தாள்கள். மனைவிக்குக் காணிக்கையாக்கிய ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. தந்தைக்குத் தலைப்புகள் இருந்தன, எழுத்து இல்லை. மகளுக்கு எழுத்து இருந்தது, முகப்பில் பெயர் இல்லை.

கோடைக்காலமும் கொலெத்தின் வாழ்வில் தனி இடம் பெற்றது. அவருடைய நாவல்களின் களங்கள் பெரும்பாலும் அவர் கோடையைக் கழித்த வீடுகள். பெசான்சோன் நகருக்கு அருகில் வில்லி வாங்கிய மோன்-பூகோன் என்னும் பண்ணை வீடு முதலாவது. அது உனக்கே என்று கணவர் சொன்ன வீடு, பிரிவோடு கைவிட்டுப் போயிற்று. அதன் பழ மரங்களும் விலங்குகளும் 1907-இல் வந்த நாவலில் நிலைத்துவிட்டன. அடுத்தது பிரிட்டனிக் கடற்கரையின் ரோஸ்வென். பாறைகளும் உப்புக் காற்றும் சூழ்ந்த அந்த வீட்டின் கோடைகளிலிருந்தே, விடுமுறையில் சந்திக்கும் பதின்ம வயதுக் காதலர்களைப் பற்றிய 1923-ஆம் ஆண்டு நாவல் உருவானது. மூன்றாவது, மத்தியதரைக் கடலோரத்தில் சேன்-த்ரோபேயில் 1926-இல் குடிபுகுந்த சிறு வீடு. முற்றத்துக் கிணற்றருகே மஸ்கட் திராட்சைக் கொடி படர்ந்திருந்ததால், மஸ்கட் பந்தல் என்று அதற்குப் பெயரிட்டார். தம் எழுத்தில் ஈட்டிய பணத்தால் வாங்கிய வீடு அது. விடியலில் தோட்ட வேலை, பிறகு கடல் நீராட்டு, பகல் உறக்கம், மாலையில் எழுத்து. திராட்சைக் கொடிகளும் அத்திமரங்களும் நிறைந்த அந்த இடத்தில்தான், காதலிலிருந்து மெல்ல விலக முயலும் ஐம்பது வயதுப் பெண்ணைப் பற்றி, பொழுதின் பிறப்பு என்று பொருள்படும் தலைப்பில் 1928-இல் ஒரு நூலை எழுதினார். 1938-இல் அந்த வீட்டையும் விற்றார். மூன்று வீடுகளும் போயின. மூன்று நூல்களும் இருக்கின்றன.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. பொழுதின் பிறப்பு நூல் சிதோவின் கடிதம் ஒன்றோடு தொடங்குகிறது. அரிதாகப் பூக்கும் கள்ளிச்செடி மலரப்போவதால், மகளைக் காண வர இயலாது என்று தாய் எழுதிய கடிதம். படித்தவர்கள் எல்லோரும் வியந்த தாயுள்ளம் அது. ஆனால் பிற்காலத்தில் வெளியான உண்மைக் கடிதத்தில், கள்ளி பூக்கவிருந்தபோதும் வருகிறேன் என்றே தாய் எழுதியிருக்கிறார். மகள் அதைத் திருத்தித் தாயின் பெயரில் வெளியிட்டுவிட்டார். தம் எழுத்தின் மீது வேறொரு பெயர் ஒட்டப்பட்டதற்காகக் கலங்கியவரே, தம் எழுத்தின் மீது தாயின் பெயரை ஒட்டினார்.

வேறு குறைகளும் உண்டு. இரண்டாம் கணவர் ஆன்ரி தெ ஜுவெனெலின் மகனும், பின்னாளில் பொருளியல் அறிஞரானவருமான பெர்த்ரானோடு, அவர் பதின்ம வயதில் இருந்தபோதே மாற்றாந்தாய் என்னும் எல்லையைக் கொலெத் மீறினார். அதை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. 1913-இல் பிறந்த தம் ஒரே மகளைப் பெரும்பாலும் செவிலியிடமே விட்டு வளர்த்தார். ஜெர்மானிய ஆதிக்கத்தின்போது, ஆக்கிரமிப்பாளருக்கு இசைந்த இதழ்களிலும் எழுதினார். அதே காலத்தில், 1941 டிசம்பரில், யூதரான அவருடைய மூன்றாம் கணவர் மோரிஸ் கூதெக்கேயை ஜெர்மானியர் கைது செய்தனர். செல்வாக்குள்ளவர்கள் ஒவ்வொருவரிடமும் மன்றாடி, 1942 பிப்ரவரியில் அவரை மீட்டார் கொலெத். போர் முடியும்வரை ஒவ்வோர் இரவும் அச்சத்தில் கழிந்தது.

இறுதி ஆண்டுகளில் மூட்டு வாதம் அவரைக் கட்டிலோடு பிணைத்தது. பாரிஸின் பலே-ருவாயல் தோட்டத்தைப் பார்த்த சன்னலருகே, நீலத்தாள் சுற்றிய விளக்கொளியில் எழுதினார். சிறுவயது முதல் துணையிருந்த பால்சாக்கை மீண்டும் படித்தார். 1945-இல் கோன்கூர் கழகத்தில் உறுப்பினராகி, 1949-இல் அதன் தலைவரானார். 1954 ஆகஸ்ட் 3 அன்று மறைந்தார். மணமுறிவுகளைக் காரணம் காட்டித் திருச்சபை இறுதிச் சடங்கை மறுத்தது. குடியரசோ அவருக்கு அரசு மரியாதை அளித்தது. பிரான்சில் அம்மரியாதை பெற்ற முதல் பெண் அவரே.

ஒயினின் பிறப்பிடத்தை முகப்பில் பொய்யாக எழுதக் கூடாது என்பதை 1935-இல் பிரான்ஸ் முழுமையான சட்ட முறையாக்கியது. இன்று நாம் பேசும் புவிசார் குறியீட்டுக்கு அதுவே முன்னோடி. பல ஆண்டுகள் இதை வகுப்பில் கற்பித்திருக்கிறேன். விளைந்த இடத்தின் பெயரை மறைப்பது திருட்டு என்று மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். ஆனால் என் வீட்டில் விளைந்ததைப் பற்றி நான் சிந்தித்ததில்லை.

கிணற்றுப் பாசனத்தின் பொருளாதாரம் குறித்து நான் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, நானூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகளிடம் திரட்டிய படிவங்கள் வீட்டில் குவிந்தன. புள்ளியியலில் முதுகலை படித்த என் மனைவிதான், குழந்தையைத் தூங்கவைத்த பிறகு, இரவு தோறும் அவற்றை அட்டவணைப்படுத்தினார். கணிப்பான் ஒன்றை வைத்துக்கொண்டு சராசரிகளையும் ஒட்டுறவுக் கெழுக்களையும் கணக்கிட்டார். நான்காம் இயலின் மையமான முடிவு தலைகீழாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தியவரும் அவரே. அந்த இயலைத்தான் தேர்வாளர்கள் மிகவும் பாராட்டினர். நன்றியுரையின் கடைசி வரியில், அவருடைய பொறுமைக்கு நன்றி கூறியிருந்தேன். உழைப்புக்கு அன்று, பொறுமைக்கு. ஆய்வேடு நூலானபோது அந்த வரியும் இல்லாமல் போயிற்று. வில்லியைப் பற்றிப் படித்துச் சினம் கொண்ட ஒரு பிற்பகலில், எழுந்து சென்று அந்நூலை எடுத்துப் பார்த்தேன்.

இக்கட்டுரையில் அவருடைய பெயரைக் குறிப்பிடட்டுமா என்று கேட்டேன். நாளிதழில் வேண்டாம், போட வேண்டிய இடத்தில் போட்டால் போதும் என்றார். பிறகு கட்டுரையை வாங்கி, ஆண்டுகளை எல்லாம் சரிபார்த்து, இரண்டு பிழைகளைத் திருத்தித் தந்தார். அந்தப் பழைய நூலை மறுபதிப்புச் செய்ய ஒரு பதிப்பகம் முன்வந்திருக்கிறது. ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் என்னும் இடத்தில் இரண்டு பெயர்களும், கையெழுத்துக்கு இரண்டு இடங்களும், உரிமைத்தொகையில் சரிபாதியும் வேண்டும் என்று கேட்டு.